கையை முகர்ந்து பார்ப்பவர்

அவர் கவனமில்லாதவர் என்று நான் எழுதினேன். ஆங்கிலத்தில், ஓர் அறிக்கையின் நடுப்பக்கத்தில், இரண்டே வரி. தண்ணீர் மாதிரி எடுத்தவர் காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவர், அந்தப் பாலில் ஊற்றும் அமோனியா அவர் கையிலிருந்து போத்தலில் கலந்திருக்கலாம், ஆகவே இந்த மாத முடிவைத் தள்ளிவிடலாம் என்று எழுதினேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. வேதியியலில் முனைவர் பட்டம், ஈப்போவில் கடனில்லாத வீடு, பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

அந்த இரண்டு வரியில் நான் கெடுத்த மனுஷியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

“பேரு எதுக்கு? எங்க நின்னோம், என்ன எடுத்தோம்னு எழுதுங்க. போதும்” என்றார்.

நாங்கள் நின்ற இடம் வட பேராவில் ஒரு மலையடிவாரம். கீழே பழைய ரப்பர் தோட்டம். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகும் நாற்பது குடும்பங்கள் அங்கேயே இருந்தன. மேலே, மலைச்சரிவில், அரிய மண் என்று பத்திரிகைகள் சொல்லும் தனிமங்களை எடுக்கும் சுரங்கம். சுரங்கம் என்றதும் பழைய ஈயக்குட்டை மாதிரி பெரிய பள்ளத்தை நினைக்க வேண்டாம். சரிவில் துளை போட்டு அமோனியா உப்புக் கரைசலை ஊற்றுவார்கள். அது களிமண்ணுக்குள் இறங்கி, உலோகத்தைக் கரைத்துக்கொண்டு அடிவாரக் கால்வாயில் வந்து சேரும். காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய காந்தம் அதிலிருந்துதான் வருகிறது. கால்வாய் ஒழுகாமல் இருந்தால் எல்லாம் நல்லது. ஒழுகினால் அமோனியா ஓடையில் இறங்கும். ஓடைத் தண்ணீரில்தான் தோட்டத்துச் சனங்களின் கீரைப் பாத்தியும், மாடும், மீன் குளமும். ஆகவே மாதம் ஒருமுறை ஓடையில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். எடுப்பது அவர் வேலை. முடிவை வைத்து அறிக்கை எழுதுவது ஆலோசகரான என் வேலை.

அவரை வேலைக்குத் தேர்ந்தெடுத்ததே நான்தான். நேர்காணலுக்கு வந்தபோது ஐம்பதை ஒட்டிய வயது, சாயம் போன பாஜுச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். அதற்கு முன்பு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம். அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

“ஓட்டை பாக்குறது.”

“எப்படி?”

“கையுறையில தண்ணி ஊத்தி மாட்டி வைப்போம். சொட்டுச்சுன்னா ஓட்டை. கண்ணால பாத்து நல்லாருக்குன்னு யாரு வேணா சொல்லலாம். தண்ணி ஊத்தினாத்தானே தெரியும்.”

வேறு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான், என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் மரம் வெட்டியவர் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. “அப்ப நான் ஏன் சார்னு கூப்பிடணும்? அண்ணேனே கூப்பிடுறேன்” என்றார். அன்றிலிருந்து அண்ணன் ஆனேன்.

முதல் நாள் ஓடைக்குப் போனபோது, போத்தலை எடுக்க நான் கையை நீட்டினேன். அவர் போத்தலைத் தரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“ரொட்டி சானாய். பருப்புக் கறி. சோப்பு அங்க இருக்குண்ணே.”

அதுதான் அவர். யாராக இருந்தாலும் போத்தலைத் தொடுவதற்கு முன் கையைக் காட்ட வேண்டும். வாசனை வந்தால் கழுவ வேண்டும், ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. சுரங்கத்து வாசலில் ஜாகாவாகக் காவல் பார்த்த செல்வம் இதை வைத்தே அவரைச் சீண்டிக்கொண்டிருப்பான். போத்தல் பெட்டியைத் தூக்கிவிட வரும்போதெல்லாம் இரண்டு கையையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நீட்டுவான்.

“சொல்லுங்கக்கா, என் ராசி எப்படி இருக்கு?”

“நாசி லெமாக். ரெண்டு பொட்டலம். பக்கத்துல சிகரெட்டு. உன் பொண்டாட்டிகிட்ட விட்டுட்டேன்னு சொன்னியாமே?”

“அக்கா, அத அறிக்கையில எழுதிராதீங்கலா.”

வெளிநாட்டிலிருந்து ஒரு தணிக்கைக்காரப் பெண்மணி வந்தார். காந்தம் வாங்குகிற நிறுவனங்கள் இப்போது தனிமம் எங்கிருந்து வருகிறது, யார் தண்ணீரைக் கெடுத்து வருகிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டன. அதைப் பார்க்க அனுப்பப்பட்டவர். கல்லின் மேல் குனிந்து போத்தலை வாங்கப் போனவரின் கையை இவர் பிடித்து முகர்ந்தார். கூட வந்த சுரங்க மேலாளருக்கு முகம் வெளிறிப்போனது. “கிரீம் போட்டிருக்காங்க. ரோஜாப்பூ. கழுவச் சொல்லுங்க” என்றார் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி ஒரு நொடி திகைத்து, சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார். மூன்றுமுறை. திரும்பி வந்து மறுபடியும் தானே கையை நீட்டினார். எத்தனையோ சுரங்கம் பார்த்தவர் அவர். ஈப்போவுக்குத் திரும்பும்போது காரில் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் தோட்ட லயத்துப் பெண் ஒருத்தி இப்படி நிற்கிறாள் என்ற பெருமை அது. அந்தப் பெருமையை மனதில் வைத்துக்கொண்டுதான் பிறகு அந்த இரண்டு வரியையும் எழுதினேன்.

அவர் தண்ணீர் எடுக்கும் முறையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் அதே கல். கல்லின் இடது பக்கம், முழங்கால் ஆழம், முகம் நீரோட்டத்துக்கு எதிரே. போத்தலை ஓடைத் தண்ணீராலேயே மூன்றுமுறை அலசி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் கொட்டிவிட்டு, நான்காவதுதான் நிரப்புவார். சீட்டில் பென்சிலால் எழுதுவார். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். நேரம், கல், மழை உண்டா இல்லையா, கண்ணில் பட்டது என்ன. ஒரு மாதம் ‘சின்ன மீனு இல்ல’ என்று எழுதியிருந்தார். ஆய்வகம் அதற்குக் கட்டம் போடவில்லை என்றேன். “கட்டம் இல்லாட்டி மீனு இல்லாதது பொய் ஆயிருமா?” என்று கேட்டார்.

கடைசியாக வெள்ளைப் போத்தல். அவர் வைத்த பெயர் அது. ஆய்வகத்திலிருந்து சுத்தமான தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய், ஓடைக்கரையில் திறந்து, அதே கையால் இன்னொரு போத்தலில் ஊற்றி, மற்றவற்றோடு சோதனைக்கு அனுப்ப வேண்டும். கையில் அழுக்கு இருந்தால் அந்தச் சுத்தத் தண்ணீரிலும் அது தெரியும். வெள்ளைப் போத்தலில் ஒன்றும் இல்லை என்றால் கையில் ஒன்றும் இல்லை. பலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். அவர் ஒரு மாதம்கூட விட்டதில்லை. “இது தண்ணியச் சோதிக்கிற போத்தல் இல்லண்ணே. என்னையச் சோதிக்கிற போத்தல்” என்பார்.

ஒருமுறை போத்தல்களை ஏற்றி வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. வேறு வண்டி வருவதற்குள் பெட்டியிலிருந்த ஐஸ் உருகிப்போனது. அன்று மாலை புந்தோங்கில் அவர் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். இவர்தான் தட்டு மாற்ற வேண்டிய அத்தை. நான் பரவாயில்லை, அனுப்பிவிடலாம் என்றேன். அவர் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து சாலையோரம் கொட்டினார். “சூடாப்போன தண்ணி அண்ணே. இது எங்க ஓடை இல்ல” என்றார். புது ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய் முதலிலிருந்து எடுத்தார். நிச்சயதார்த்த வீட்டுக்கு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாவாடை ஓரம் ஈரமாக, போய்ச் சேர்ந்தாராம். தட்டை வேறு யாரோ மாற்றியிருந்தார்கள். தம்பி இரண்டு மாதம் பேசவில்லை.

மாதிரி எடுக்கும் நாளில் அவர் மரம் வெட்டப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு ஏக்கர் மரம் இருந்தது. பாலைக் கட்டிப்பாலாக உறைய வைக்கும் ஆசிட் கையில் இருந்தால் தண்ணீரின் புளிப்புக் கணக்கு மாறிவிடும் என்று அவராகவே வைத்துக்கொண்ட விரதம் அது. நான் கேட்கவும் இல்லை, நிறுவனம் அதற்கு ஈடு கொடுக்கவும் இல்லை.

இப்போது அந்த மாதத்துக்கு வருகிறேன். கல்லருகே எடுத்த தண்ணீரில் அமோனியா இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. பக்கத்துச் சரிவுக்கு அனுமதி கேட்டு நிறுவனம் விண்ணப்பித்திருந்த நேரம். மேலாளர் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர், கெட்டவர் அல்ல. என் மேசைக்கு வந்தார்.

“டாக்டர், இதுக்கு வேற காரணம் எதுவும் இருக்குமா? அந்த அக்கா ரப்பர் மரம் வெட்டுறாங்கதானே? ரப்பர் பால்ல அமோனியா ஊத்துவாங்கன்னு எங்கயோ படிச்சேன்.”

அவர் தெரியாமல் கேட்டார். எனக்குத் தெரியும். பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றியது என் அப்பா காலத்தில், தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பாலாகவே கொண்டுபோன நாட்களில். இப்போது சிறு தோட்டக்காரர்கள் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார்கள். அதற்கு அமோனியா எதற்கு? வாளி சுமந்த வீட்டில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு என் கையில் அந்த மாதத்து வெள்ளைப் போத்தல் முடிவும் இருந்தது. ஒன்றுமில்லை என்று இருந்தது. அவர் கை சுத்தம் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி கிடையாது.

“இருக்கலாம்” என்றேன்.

அந்த வெள்ளைப் போத்தல் தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதினேன். அந்த நிறுவனம் நாட்டுக்கு நல்லது செய்கிறது, ஒரு மாத எண்ணுக்காக எல்லாம் நின்றுவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையைப் படித்த யாருக்கும் பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பளபளப்பான காகிதத்தில் அது புத்தகமாக வந்தது. அட்டைப்படத்தில், ஓடையில் முழங்கால் ஆழத்தில் குனிந்து நிற்கும் அவர்தான்.

அவரை நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டு என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“என் கையில அமோனியான்னு எழுதியிருக்கீங்களாமே.”

“வாய்ப்பு இருக்குன்னுதான்…”

“நான் அமோனியா தொட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் போத்தல் என்ன சொல்லுச்சு?”

நான் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினேன்.

“சரி சார்” என்றார்.

அவர் இடத்துக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள் கல்லுக்கு மேலே, கால்வாய்க் கசிவு வந்து சேராத, ஏறி இறங்க வசதியான இடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். எண்கள் அழகாக வந்தன. நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினான்கு மாதம். பதினைந்தாவது மாதம் ஒரு காலையில் செல்வத்தின் குளத்தில் திலாப்பியா மீன்கள் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து அவன் மூன்று வருடமாக வளர்த்த குளம். அன்று நான் போனபோது வாசல் தடுப்பைத் தூக்கிவிட்டான். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. “நீங்க போங்க சார்” என்றான். அவ்வளவுதான்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையில் கிடந்த தாளைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிக்கும் வரை கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இத என்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப் போவுது? என் கை சுத்தம்னு எனக்குத் தெரியாதா? எங்க எழுதுனீங்களோ, அங்க போயி எழுதுங்க.”

பிறகு உள்ளே கையைக் காட்டினார். “அந்தப் புத்தகம் இன்னும் இருக்கு. நல்ல கனம். அரிசிப் பானைக்குக் கீழ வச்சிருக்கேன். கல்லு மாதிரி நிக்குது.”

எழுதினேன். எழுதியதைவிடப் பெரியதாக எழுதினேன். நிறுவனத்துக்கும், தண்ணீரைப் பார்க்க வேண்டிய அரசு அலுவலகத்துக்கும், அந்த ரோஜாப்பூ கிரீம் போட்ட தணிக்கைக்காரருக்கும் ஒரே கடிதம். அதோடு வெள்ளைப் போத்தல் தாளின் நகல். பதினான்கு மாதமாகத் தவறான இடத்தில் தண்ணீர் எடுக்கப்பட்டது எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தேன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கடிதத்தைத் தமிழிலும் மலாயிலும் நானே வாசித்தேன். நடுவில் செல்வம் எழுந்து நின்றான்.

“சார், நீங்க தோட்டத்துல பொறந்தவருன்னு சொல்வீங்க. எந்தத் தோட்டத்துல கட்டிப்பாலுக்கு அமோனியா ஊத்துறாங்க?”

சிலர் சிரித்தார்கள். எந்தத் தோட்டத்திலும் இல்லை என்றேன். அவர் கடைசி வரிசையில் இருந்தார். சிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆலோசகர் வேலை போனது, போக வேண்டியதுதான். அந்தச் சரிவில் கரைசல் ஊற்றுவதை நிறுத்தினார்கள். அடிவாரக் கால்வாயைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு இணைப்பில் விரல் நுழையும் அளவு விரிசல். செல்வத்தின் குளத்துக்கு ஈடு கொடுத்தார்கள். அவன் மறுபடி மீன் விடவில்லை, ஜாகா வேலையையும் விட்டுவிட்டுக் கீரை போட்டிருக்கிறான். அடுத்த ஆண்டுப் புத்தகத்தில், முதல் பக்கத்திலேயே, அந்த இரண்டு வரி பொய் என்று அச்சிட்டார்கள். பக்கத்துச் சரிவுக்கு இன்னும் அனுமதி வரவில்லை.

அவரைத் திரும்ப ஓடைக்குக் கூப்பிட்டார்கள். சும்மா வரவில்லை அவர். மேலாளர் முன்னால் உட்கார்ந்து மூன்று விஷயம் கேட்டாராம். ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு மூன்று போத்தல்: ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று வெளி ஆய்வகத்துக்கு, ஒன்று சனங்களுக்கு. முடிவு வந்த அன்றே கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். கம்பெனிச் சம்பளம் வாங்காத ஒருவர் மாதாமாதம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேலாளர் மூன்றுக்கும் சம்மதித்தார். மற்றச் சுரங்கங்களிலிருந்து இப்போது ஆட்கள் வந்து இந்த முறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கையைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“சார், இந்த மாசம் நிக்கிறது என் முறை. எனக்கு லூமுட்டுக்குப் போவணும், மச்சான் மகளுக்குச் சடங்கு. நீங்க வாரீங்களா?”

“அக்காகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். ‘அவருக்குக் கை இருக்கில்ல?’ன்னு சொல்லிச்சு.”

விடிந்ததும் ஈப்போவிலிருந்து கிளம்பினேன். அவர் கல்லருகே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த ஓடையில் இறங்குகிறேன். கல்லைச் சுற்றிச் சின்ன மீன்கள் ஓடின. சீட்டில் எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

“கைய காட்டுங்க சார்.”

நீட்டினேன். முகர்ந்தார்.

“தைலம்.”

“முட்டி வலிக்கு…”

“சோப்பு அங்க இருக்கு. மூணு தடவ. நான் நிக்கிறேன்.”

போய்க் கழுவினேன். திரும்பி வந்ததும் மறுபடி முகர்ந்தார். எல்லோருக்கும் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான். பிறகு பெட்டியிலிருந்து வெள்ளைப் போத்தலை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் தயங்கினேன், அது எப்போதும் அவர் கையால் ஊற்றுவது.

“ஊத்துங்க” என்றார்.

ஊற்றினேன். மூடினேன். சீட்டில் என் பெயரைப் பென்சிலால் அவரே எழுதினார்.

பத்து நாள் கழித்து மண்டபத்துப் பலகையில் ஒட்டிய தாளைப் படம் எடுத்து என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, என் பெயர் இருந்த வரியைத் தேடிப் பிடித்தேன். வெள்ளைப் போத்தலில் ஒன்றும் இல்லை.